கோளி: பூவாது காய்க்கும் மரமும் அத்திக் குளவியும் – ஓர் அறிவு வரலாறு

முன்னுரை

அரிதாக நிகழும் ஒன்றை 'அத்தி பூத்தாற்போல' என்று கூறுவது தமிழர் வழக்கு. அத்தியின் பூவைக் கண்ணால் கண்டவர் இல்லை என்னும் எண்ணமே இத்தொடரின் அடிப்படையாகும். மற்றொரு புறம், அத்திப் பழத்தைப் பிட்டால் உள்ளே பூச்சியும் புழுவுமே இருக்கும் என்னும் கருத்தும் பழமொழியாக வழங்கி வருகிறது. பூ இல்லை என்பது ஒரு கூற்று. பூச்சி உண்டு என்பது மற்றொரு கூற்று. இவ்விரண்டும் தமிழ் வழக்கில் தனித்தனியே நின்றன. மறைந்திருக்கும் பூவிற்கும் உள்ளிருக்கும் பூச்சிக்கும் இடையே உள்ள உறவு தெளிவாக நிறுவப்பட்டது கி.பி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். அவ்வுறவு உலகின் இருவேறு நிலப்பகுதிகளில் எவ்வெவ்வாறு உணரப்பட்டது, ஏன் நெடுங்காலம் மறுக்கப்பட்டது, எதனால் ஏற்கப்பட்டது என்பனவற்றை ஆராய்வதும், அவ்வரலாற்றின் ஒளியில் 'கோளி' என்னும் பழந்தமிழ்ச் சொல்லை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

கோளி என்னும் வகைமை

பூவாது காய்க்கும் மரத்தைக் குறிக்கத் தமிழில் 'கோளி' என்னும் தனிச்சொல் உண்டு. புறநானூற்றின் 58ஆம் பாடலில் காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் ஆலமரத்தைக் கோளி ஆலம் என அடைகொடுத்துக் கூறுகிறார். அடிமரம் அழிந்த பின்னும் கிளைகளை விழுதுகள் தாங்கி நிற்கும் காட்சி அங்கு உவமையாகிறது. பெரும்பாணாற்றுப்படையோ கோளி வகை மரங்களுள் சுவையாற் சிறந்தது பலா என்னும் கருத்துப்பட உவமை அமைக்கிறது. இதற்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர் கோளி என்பதற்குப் பூவாது காய்க்கும் மரம் என்றே பொருள் உரைத்தார். ஔவையாரின் நல்வழி, பிறர் ஏவாமலே செயலறிந்து செய்யும் மாந்தரைப் பூவின்றிக் காய்க்கும் மரத்தோடு ஒப்பிடுகிறது. ஆகவே, இவ்வகைமை புலவர் சிலரின் கற்பனையாக நின்றுவிடாமல் நீதிநூல் வரை தொடர்ந்த பொதுஅறிவாக விளங்கியமை புலனாகும்.

வடமொழி மரபிலும் இதற்கு இணையான பாகுபாடு காணப்படுகிறது. பூவின்றிக் காய்ப்பன 'வனஸ்பதி' எனச் சரக சங்கிதையும் மனுஸ்மிருதியும் வரையறுக்கின்றன. பூத்துக் காய்ப்பனவற்றை அவை வேறுபெயரால் சுட்டுகின்றன. பௌத்த மரபில் புத்தரின் தோற்றம் உதும்பரப் பூவைக் காண்பதைப் போன்று அரியது எனப்பட்டது. உதும்பரம் என்பது நாட்டத்தியாகும். சீன மொழியில் சீமையத்தியின் பெயரே பூவில்லாக் கனி என்னும் பொருளுடையது. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவிடம் ஆலம்பழத்தைப் பிளந்து பார்க்கச் சொல்லும் பகுதி பலரும் அறிந்தது. அங்குப் பழம் பிளக்கப்படுகிறது. நுண்ணிய விதைகள் காணப்படுகின்றன. உரையாடல் அதற்கு மேல் மெய்ப்பொருள் நோக்கித் திரும்பிவிடுகிறது.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஆல், அரசு, அத்தி ஆகியவை ஃபைகஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பலா வேறு பேரினத்தது ஆயினும் இவற்றோடு மோரேசியே என்னும் ஒரே குடும்பத்தில் அடங்குவது. இதனைக் கொண்டு பழந்தமிழர் தாவரக் குடும்பப் பாகுபாட்டை அறிந்திருந்தனர் எனக் கூறுதல் பொருந்தாது. இதழ் விரித்துத் தோன்றும் பூ புறத்தே காணப்படாமை என்னும் ஒரு பண்பினைக் கூர்ந்து நோக்கி, அப்பண்பால் மரங்களைத் தொகுத்தனர் என்பதே சான்று தரும் முடிவாகும்.

பூவின் மறைவிடம்

அத்தியின் 'காய்' எனப்படுவது உண்மையில் காயன்று. வாய் சுருங்கிய குடம் போன்ற ஒரு பூங்கொத்து. குடத்தின் உட்சுவர் முழுதும் நுண்ணிய பூக்கள் செறிந்திருக்கும். புறத்திலிருந்து உள்ளே செல்ல உள்ள ஒரே வழி, நுனியில் செதில்களால் அடைபட்ட சிறு துளையாகும். காற்றோ வண்டோ தேனீயோ இவ்வழியே மகரந்தத்தைக் கொண்டு சேர்க்க இயலாது. ஓரிரு மில்லிமீட்டர் நீளமே உள்ள அத்திக் குளவி ஒன்றுதான் இதனுட் புகுகிறது.

நாட்டத்தி, ஆல், அரசு போன்றவற்றில் நிகழ்வது வருமாறு: மகரந்தத்தோடு வரும் பெண்குளவி செதில்களை நெருக்கி உள்ளே நுழைகிறது. நுழையும்போதே பெரும்பாலும் அதன் சிறகுகள் ஒடிந்துவிடுகின்றன. உள்ளே பெண்பூக்களில் மகரந்தம் சேர்கிறது. அவற்றுள் ஒரு பகுதியின் சூலகத்தில் குளவி முட்டையிடுகிறது. பின்னர் அங்கேயே மடிகிறது. முட்டையிடப்பட்ட பூக்களில் குளவிகளும் ஏனையவற்றில் விதைகளும் வளர்கின்றன. சில வாரங்களுக்குப் பின் சிறகற்ற ஆண்குளவிகள் முதலில் வெளிப்பட்டு, பெண்குளவிகளோடு கூடி, சுவரில் வழி குடைந்து, தாமும் மடிகின்றன. அப்போது முதிரும் ஆண்பூக்களின் மகரந்தத்தை ஏந்திப் பெண்குளவிகள் வெளியேறுகின்றன. வெளியே அவற்றின் வாழ்நாள் ஓரிரு நாள்களே. அதற்குள் வேறொரு மரத்தில் ஏற்கும் பருவத்திலுள்ள அத்தியை மணத்தால் அறிந்து அடைய வேண்டும். நாட்டத்திக்கு உரிய குளவி செரட்டோசோலன் ஃபூசிசெப்ஸ். ஆலுக்கு உரியது யூப்ரிஸ்டினா மாசோனி.

சீமையத்தியின் அமைப்பு இதனினும் நுட்பமானது. இதில் இருவகை மரங்கள் உண்டு. ஒன்று, வெள்ளாட்டு அத்தி எனப் பொருள்படும் பெயரால் ஐரோப்பியர் அழைக்கும் காட்டத்தி. மகரந்தமும் குளவியும் இதிலேயே வளர்கின்றன. மற்றொன்று, உண்ணத்தக்க பழம் தருவது. இதன் பூக்களின் சூல்தண்டு நீளமாதலின் குளவியால் சூலகத்தில் முட்டையிட இயலாது. வழிதவறி இதனுட் புகும் குளவி மகரந்தத்தைச் சேர்த்துவிட்டு வழித்தோன்றல் இன்றி மடிகிறது. உழவர் உண்ணும் பழம், குளவியின் நோக்கில், ஏமாற்றத்தின் விளைவே ஆகும்.

மத்தியதரை உழவரின் நடைமுறை

சீமையத்தியைப் பயிரிட்ட மத்தியதரைக் கடற்பகுதி உழவர்க்கு அதன் காய்கள் முதிராமல் உதிர்வது பெருங்கவலையாக இருந்தது. அதற்கு அவர்கள் கண்ட வழி, காட்டத்தியின் காய்களைக் கோத்துத் தோட்ட மரத்தின் கிளைகளில் தொங்கவிடுவதாகும். கி.மு. 5ஆம் நூற்றாண்டினரான எரோடோட்டசு இவ்வழக்கினை அறிந்திருந்தார். எனினும் பாபிலோனியப் பேரீச்சை பற்றி எழுதுகையில் அதனையும் இதனையும் ஒன்றெனக் கலந்துவிட்டார். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், 'ப்சேன்' என்னும் பூச்சி காட்டத்தியில் தோன்றி வெளியேறித் தோட்டத்து அத்தியுட் புகுவதையும், அதனால் காய்கள் உதிராமல் நிற்பதையும் பதிவு செய்தார். அச்சொல் இன்றும் அக்குளவியின் அறிவியற் பெயரான பிளாஸ்டோஃபேகா ப்சேனெஸ் என்பதில் வாழ்கிறது.

அவருடைய மாணவர் தியோஃபிராஸ்டசு மேலும் ஒருபடி சென்றார். ஆண் பேரீச்சையின் பூந்துகளைப் பெண் மரத்தின் மீது தூவும் வழக்கத்தையும், காட்டத்தி தொங்கவிடும் வழக்கத்தையும் அவர் அருகருகே வைத்து ஒப்பிட்டார். எனினும் இரண்டும் ஒன்றெனத் துணியவில்லை. பூச்சிகள் காயின் மிகை ஈரத்தை உறிஞ்சிக் காற்றுக்கு வழிசெய்வதால் காய் நிற்கிறது என்னும் விளக்கத்தையே கொண்டார். செயல் சரியாக இருந்தது. காரணம் பிழையாக இருந்தது. இந்நிலை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் நீடித்தது.

இதே பகுதியில் வழங்கிய மற்றொரு நடைமுறையும் ஒப்பிடத்தக்கது. எகிப்திய அத்தி எனப்படும் சிக்கமோர் மரத்தின் காய்களைக் கத்தியால் கீறினால் அவை விரைந்து பழுக்கும் என்பதையும் தியோஃபிராஸ்டசு குறித்துள்ளார். இம்மரத்தின் குளவி கிழக்கு ஆப்பிரிக்காவில் உண்டு, எகிப்தில் இல்லை. எனவே எகிப்தில் இம்மரம் விதையின்றிக் கிளை நட்டே பெருக்கப்பட்டது. கீறலால் எத்திலீன் வளி பெருகிக் காய் பருக்கிறது என்பதை 1960களில் இசுரேலிய அறிஞர் யாக்கோவ் காலில் விளக்கினார். துணைப்பூச்சி இல்லாத நாட்டில் அதன் வேலையின் ஒரு பகுதியை உழவனின் கத்தி செய்துவந்தது எனலாம்.

ஐயமும் மறுப்பும்

1694இல் ஜெர்மானியரான கேமராரியசு தாவரங்களுக்கும் பால் வேறுபாடு உண்டு எனச் சோதனை வழியே காட்டினார். 1700 முதல் 1702 வரை கிரேக்கத் தீவுகளிலும் துருக்கியிலும் பயணம் செய்த பிரெஞ்சுத் தாவரவியலார் தூர்ன்ஃபோர் காட்டத்தி தொங்கவிடும் வழக்கினை நேரிற் கண்டு எழுதினார். அவருடைய நூல் அவர் மறைவுக்குப் பின் 1717இல் வெளிவந்தது. இவ்விரு செய்திகளையும் இணைக்கும் விளக்கம் 1744இல் லின்னேயசின் மேற்பார்வையில் வெளிவந்த அத்தி பற்றிய ஆய்வேட்டில் இடம்பெற்றது. காட்டத்தி ஆண், தோட்டத்து அத்தி பெண், பூச்சி மகரந்தம் சுமக்கும் தூது என்பது அதன் சாரம்.

ஆயினும் சிக்கல் இத்துடன் தீரவில்லை. சீமையத்தியின் பல வகைகள் மகரந்தச் சேர்க்கை இன்றியே பழுக்கும் இயல்பினை மரபுவழி மாற்றத்தால் பெற்றவை. இந்தியாவில் பயிராகும் புனே அத்தியும் அத்தகையதே. இத்தகைய வகைகளைக் கண்டவர்களுக்குக் காட்டத்தி தொங்கவிடுவது வீண் வேலையாகத் தோன்றியதில் வியப்பில்லை. நேப்பிள்சைச் சேர்ந்த காஸ்பரீனி 1840களில் இவ்வழக்கம் பயனற்றது என வாதிட்டார். காட்டத்தியை வேறொரு பேரினமாகவே பிரித்தும் காட்டினார். அவர் கண்ட மரங்களைப் பொறுத்தவரை அவருடைய நோக்கு பிழையன்று. அதனை எல்லா மரங்களுக்கும் விரித்ததே பிழை. 1882இல் ஜெர்மானியரான சோம்ஸ்-லாபாக்கும், பிரேசிலில் வாழ்ந்த ஃபிரிட்சு மியூல்லரும் இச்சிக்கலை மீண்டும் ஆராய்ந்தனர். இருவகை மரங்களும் ஓரினத்தின் இரு பால்கள் என்னும் கருத்து மியூல்லரால் வலியுறுத்தப்பட்டது. தம் சாவகப் பயணத்தில் வெப்பமண்டல அத்திகளைக் கண்ட சோம்ஸ்-லாபாக் 1885இல் பால் வேறுபாட்டினை விரிவாக எழுதினார்.

அக்காலத்தில் கல்கத்தாவிலும் இவ்வாய்வு நடைபெற்றமை இந்திய அறிவியல் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. சிப்பூர் அரசத் தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளரான ஜார்ஜ் கிங், இந்திய-மலாய், சீன நிலப்பகுதிகளின் அத்தி இனங்களைப் பற்றிய பெருநூலை 1887-88இல் வெளியிட்டார். ஆண்பூ, பெண்பூ ஆகியவற்றோடு, குளவி வளர்வதற்கென அமைந்த பூக்களையும் அவர் இனந்தோறும் வேறுபடுத்தி வரைந்து காட்டினார். மருத்துவரான டி.டி. கன்னிங்காம், அகன்ற இலையுடைய ஓர் இமயமலை அத்தியின் கருவுறுதல் குறித்து 1889இல் எழுதினார். இவ்வாறு, பூவாது காய்ப்பன என நூற்றாண்டுகளாகப் பெயர் சூட்டப்பட்ட மரங்களின் பூக்கள், அவை வளர்ந்த நாட்டிலேயே இனம் இனமாக எண்ணப்பட்டன.

கலிபோர்னியா தந்த படிப்பினை

ஐயத்தை முற்றாக நீக்கியது ஆய்வுக்கூடமன்று. ஒரு வணிக இழப்பாகும். துருக்கியின் ஸ்மிர்னா (இன்றைய இசுமிர்) நகரிலிருந்து ஏற்றுமதியான உலரத்தி உலகச் சந்தையில் முதன்மை பெற்றிருந்தது. அதனைத் தம் நாட்டிலேயே விளைவிக்க விரும்பிய கலிபோர்னியர் 1880களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான கிளைத்துண்டுகளை வரவழைத்து நட்டனர். மரங்கள் செழித்தன. காய்கள் சிறு பருவத்திலேயே உதிர்ந்தன. வேண்டுமென்றே பயனற்ற வகையை விற்று ஏமாற்றிவிட்டனர் என்னும் ஐயம் பரவியது. காட்டத்தியும் அதன் குளவியும் தேவை என எடுத்துரைத்த குஸ்டாவ் ஐசன் உழவர் கூட்டத்தில் எள்ளலுக்கு உள்ளானார். துருக்கிய உழவரின் வழக்கம் மூடநம்பிக்கை என்றே பலரும் கருதினர்.

ஃபிரெஸ்னோ நகரைச் சார்ந்த ஜார்ஜ் ரோடிங் 1890இல் ஒரு சிறு சோதனை செய்தார். காட்டத்தியின் மகரந்தத்தைப் பல்குத்தும் குச்சியால் எடுத்து ஸ்மிர்னா அத்தியின் துளைவழியே செலுத்தினார். அவ்வாறு செய்த காய்கள் நின்று பழுத்தன. அடுத்து, கண்ணாடிக் குழாயால் மகரந்தத்தை ஊதிச் செலுத்தியும் பயன் கண்டார். காரணம் உறுதியாயிற்று, ஆயினும் தோட்டம் முழுதும் கையால் செய்தல் இயலாது. குளவியைக் கொணரும் முயற்சிகள் பல தோற்றன. அமெரிக்க வேளாண் துறையின் வால்ட்டர் ஸ்விங்கிள் அல்ஜீரியாவிலிருந்து குளவி தங்கிய காட்டத்திக் காய்களை அனுப்பிவைத்தார். அவற்றிலிருந்து வெளிப்பட்ட குளவிகள் 1899இல் ஃபிரெஸ்னோவில் நிலைபெற்றன. அங்கு விளைந்த பழத்திற்குக் கலிபோர்னியா, ஸ்மிர்னா என்னும் இரு பெயர்களையும் இணைத்துக் 'கலிமிர்னா' எனப் பெயரிடப்பட்டது. அரிஸ்டாட்டில் காலத்து உழவன் செய்ததையே புதிய உலகத்து உழவனும் செய்ய நேர்ந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டு இழப்பு, பழைய வழக்கத்தை ஆராயாது தள்ளியதற்குக் கொடுத்த விலை எனலாம்.

கூட்டுயிர் வாழ்க்கை என்னும் கருத்து

இந்நிகழ்வுகள் நடந்த காலத்திலேயே இத்தகைய உறவுகளுக்குப் பொதுப்பெயர்களும் தோன்றின. ஒன்றுக்கொன்று நன்மை செய்து வாழ்தலைப் 'பரசுபரம்' என்னும் பொருள்படும் சொல்லால் பெல்ஜிய விலங்கியலார் வான் பெனடன் 1870களில் குறித்தார். ஜெர்மானியரான அன்டோன் டி பாரி 1878இல் ஆற்றிய உரையில், வேறுபட்ட உயிரினங்கள் ஒன்றித்து வாழ்தல் அனைத்தையும் 'சிம்பியோசிஸ்' என்னும் ஒரு சொல்லில் அடக்கினார். நன்மை தருவதும் தீமை தருவதும் அவருடைய வரையறையில் ஒருங்கே அடங்கும். பிற்கால வழக்கில் அச்சொல் நட்புறவை மட்டும் குறிப்பதாகச் சுருங்கியது.

அத்தி-குளவி உறவு டி பாரியின் அகன்ற வரையறையே பொருத்தமானது என்பதைக் காட்டுகிறது. இருவர்க்கும் நன்மை உண்டு. ஆனால் நலன்கள் ஒன்றல்ல. எல்லாப் பூவிலும் முட்டையிடுதல் குளவிக்கு நன்று. எல்லாப் பூவும் விதையாதல் மரத்திற்கு நன்று. நாட்டத்தியின் குளவி தன் மார்பிலுள்ள பைகளில் மகரந்தத்தைத் தானே நிரப்பிக்கொண்டு செல்லும் வகையினது. அத்திக் குளவிகளின் இப்பைகள் 1969இல்தான் வெளியான ஆய்வுகளால் விளங்கின. இவ்வாறு மகரந்தம் சுமக்கும் குளவிகளை உடைய இனங்களில், மகரந்தமின்றி வந்து முட்டை மட்டும் இடும் குளவி புகுந்த காய்களை மரம் மிகுதியாக உதிர்த்துவிடுவதை 2010இல் ஜாண்டரும் ஹெர்ரேயும் காட்டினர். இவ்வுறவு தோன்றி ஏறத்தாழ ஏழரைக் கோடி ஆண்டுகள் ஆகின்றன என மூலக்கூற்று ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. ஒன்றை ஒன்று கட்டுப்படுத்தும் ஏற்பாடே இந்நெடிய உறவைக் காத்து நிற்கிறது.

உறவின் இன்றியமையாமைக்கு எதிர்மறைச் சான்றும் உண்டு. ஆசியாவிலிருந்து அமெரிக்காவின் புளோரிடாவிற்கு அழகுக்காகக் கொண்டுசெல்லப்பட்ட அத்தி மரங்கள் பல ஆண்டுகள் விதையின்றி நின்றன. அவற்றுள் சிலவற்றின் குளவிகள் பின்னாளில் அங்கு வந்துசேர்ந்ததும், அவை சுவர்களிலும் பிற மரங்களிலும் தாமே முளைத்துப் பரவலாயின. மறுபுறம், வெப்பம் மிகும்போது குளவியின் குறுகிய வாழ்நாள் மேலும் குறைகிறது என 2013இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு காட்டியுள்ளது. குளவி அற்றுப்போகாதிருக்க ஆண்டு முழுதும் எங்கேனும் ஒரு மரம் காய்த்தாக வேண்டும். அதனால்தான் பிற கனிகள் இல்லாத பருவத்திலும் பறவைகட்கும் வௌவால்கட்கும் ஆலும் அத்தியும் உணவாகின்றன.

சொல்லும் செயலும்

இருவேறு நிலங்களில் ஒரே உயிரியல் உண்மை இருவேறு வடிவங்களில் ஏன் அறியப்பட்டது என்னும் வினா எஞ்சுகிறது. மத்தியதரைப் பகுதியில் மரம் இருவகைப்பட்டது. காய் உதிர்ந்தால் உழவர் பிழைப்புக் கெடும். ஆதலால் அறிவு அங்குச் செயல்வடிவம் பெற்றது. இந்தியாவில் ஆலும் அரசும் அத்தியும் தம் குளவிகளோடு தாமே வளர்பவை. மனித உதவி வேண்டாதவை. ஆதலால் இங்கு அறிவு பெயர்வடிவம் பெற்றது. இரண்டும் கூர்ந்த நோக்கின் விளைவுகளே; இரண்டும் முழுமையற்றவை. பூச்சியைக் கண்டவர் பூவைக் காணவில்லை. பூவின்மையைக் கண்டவர் பூச்சியின் பணியை உணரவில்லை.

எனவே 'கோளி' என்னும் சொல்லுக்கு இன்று உரை எழுதுவோர் இரு மிகைகளைத் தவிர்த்தல் வேண்டும். பழந்தமிழர் மகரந்தச் சேர்க்கையை அறிந்திருந்தனர் எனக் கூறுவது சான்றற்றது. அவர்கள் பூவை அறியாது பிழைபட்டனர் எனத் தள்ளுவதும் முறையன்று. நச்சினார்க்கினியரின் உரைக்குப் 'பூ அகத்தே அமைந்து புறத்தே தோன்றாத மரம்' என ஒரு விளக்கம் சேர்த்தால் போதும். சொல்லும் நிற்கும், உண்மையும் விளங்கும். பலாவைக் கோளியுள் அடக்கியதும் இவ்விளக்கத்தால் ஓரளவு தெளிவுறும். பலாவின் பூங்கொத்தில் தனிப்பூக்கள் நெருங்கி இணைந்திருப்பதால் அது பூவாகத் தோன்றுவதில்லை. அதன் மகரந்தச் சேர்க்கையில் நுண்ணிய ஈ இனம் ஒன்றின் பங்கு 2018இல்தான் விளக்கம் பெற்றது.

முடிவுரை

அத்தி-குளவி உறவு அறியப்பட்ட வரலாறு, உழவரின் வழக்கம், மொழியின் வகைமை, ஆய்வாளரின் சோதனை என்னும் மூன்றும் தனித்தனியே குறைவுடையன என்பதையும், ஒன்றை ஒன்று சந்திக்கும்போதே உண்மை வெளிப்படுகிறது என்பதையும் புலப்படுத்துகிறது. வழக்கத்தை ஏளனம் செய்தவர் இருபது ஆண்டு விளைச்சலை இழந்தனர். வழக்கத்தை ஏற்றுக்கொண்டு காரணத்தை ஆராயாதவர் இரண்டாயிரம் ஆண்டுகள் பிழையான விளக்கத்தோடு நின்றனர். சங்க இலக்கியத்தில் இடம்பெறும் தாவரப் பெயர்கள் இன்னும் பல, இத்தகைய கூர்நோக்கின் பதிவுகளாகவே இருத்தல் கூடும். அவற்றைப் பெருமைக்கோ மறுப்புக்கோ கருவியாக்காமல், களத்தில் மரத்தையும் நூலில் சொல்லையும் ஒருங்கு வைத்து ஆராய்தல் தமிழாய்வின் கடமையாகும்.